ஒரு சோறு பதமாகாது

2021 டிசம்பர் இரண்டாவது வாரத்தில் உலகெங்கும் கணினிப் பாதுகாப்புப் பணியில் இருந்தவர்களுக்குத் தூக்கம் போயிற்று. லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா நூலகத்தில் பெரிய ஓட்டை இருப்பது அம்பலமாகியிருந்தது. நிரல் ஓடும்போது நடப்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதி வைப்பது அந்த நூலகத்தின் வேலை. வெளியாள் ஒருவர் தேடல் பெட்டியிலோ பயனர் பெயர்க் கட்டத்திலோ ஒரு குறிப்பிட்ட வடிவிலான வரியைத் தட்டினால் போதும். அதைப் பதிவு செய்யப்போன நூலகம் எங்கோ இருக்கும் வேறொரு கணினியிலிருந்து நிரலை இறக்கி இயக்கிவிடும். ஆபத்தின் அளவுக்கு 10க்கு 10 மதிப்பெண் கொடுத்தார்கள். உடனடிப் பரிகாரங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது, ஜேஎன்டிஐலுக்அப் என்ற ஒரே ஒரு கிளாஸ் கோப்பை நூலகத்திலிருந்து நீக்கிவிடுவது.

நீக்குவதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. ஜாவா நிரல்கள் ஜார் என்ற பொட்டலங்களாக வருகின்றன. ஒரு ஜாருக்குள் இன்னொரு ஜார் இருக்கலாம், அதற்குள் மற்றொன்றும் இருக்கலாம். மொத்த நூலகத்தையும் பிரித்துத் தம் நிரலோடு கலந்து ஒரே ஜாராகக் கட்டுபவர்களும் உண்டு. அப்படிக் கட்டும்போது பெயர் மோதாமலிருக்க வகுப்புகளின் முழுப்பெயரையே மாற்றிவிடுவார்கள். கோப்பின் பெயரைப் பார்த்துத் தேடும் கருவி அங்கே கைவிரித்துவிடும். கோப்புக்குள் புகுந்து பைட்கோடைப் படித்து ஆளை அடையாளம் காணும் கருவி வேண்டும். அந்தக் கருவியும், தான் இதுவரை கண்டிராத வடிவில் ஒரு கோப்பு வந்தால் தடுமாறக் கூடாது. தடுமாறினாலும் அதை உரக்கச் சொல்லிவிட வேண்டும். புரியாத கோப்பைத் தாண்டிப்போய் "இங்கே ஒன்றும் இல்லை" என்று அறிக்கை தரும் கருவியைவிட ஆபத்தானது வேறில்லை.

இத்தகைய கருவிகளை எதைக் கொடுத்துச் சோதிப்பது? மேலோட்டமாகப் பார்த்தால் சின்னக் கேள்வி. ஆனால் ஒரு கருவியை நம்பலாமா கூடாதா என்பதை முடிவு செய்வது, கருவியை எழுதியவரின் திறமையைவிட அவர் சேர்த்து வைத்திருக்கும் மாதிரிகள்தான் என்பது என் திடமான எண்ணம்.

முதலில் பைட்கோடு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டது. ஜாவாவில் எழுதும் மூலநிரலை ஜாவாசி என்ற கம்பைலர் எந்தச் சில்லுக்குமான கட்டளைகளாகவும் நேரே மாற்றுவதில்லை. ஜேவிஎம், அதாவது ஜாவா மெய்நிகர் எந்திரம், என்ற கற்பனைக் கணினிக்கான கட்டளைகளாக மாற்றுகிறது. ஒவ்வொரு கட்டளையின் எண்ணும் ஒரு பைட்டுக்குள் அடங்கிவிடும், அதனால்தான் பைட்கோடு என்ற பெயர். இரண்டு முழு எண்களை வாங்கிக் கூட்டித் தரும் ஸ்டாட்டிக் மெத்தட் ஒன்றை எழுதிக் கம்பைல் செய்து பாருங்கள். அதன் உடல் முழுதும் 26, 27, 96, 172 என்ற நான்கே பைட்டுகள். 26 முதல் எண்ணை எடுத்து ஸ்டேக் என்ற அடுக்கில் வைக்கிறது. 27 இரண்டாவதை அதன்மேல் வைக்கிறது. 96 மேலிருக்கும் இரண்டையும் எடுத்துக் கூட்டி, விடையை அடுக்கில் போடுகிறது. 172 அந்த விடையை, அழைத்த இடத்துக்குத் திருப்பி அனுப்புகிறது.

இந்த நான்கு பைட்டுகளைச் சுற்றி கிளாஸ் கோப்பு என்ற ஒரு கோப்பே இருக்கிறது. எந்தக் கிளாஸ் கோப்பைத் திறந்தாலும் முதல் நான்கு பைட்டுகள் 202, 254, 186, 190. பதினாறடிமான முறையில் எழுதினால் இது 'கஃபே பேப்' என்று ஆங்கிலத்தில் படிக்கும்படி அமையும். ஜாவாவை உருவாக்கிய ஜேம்ஸ் காஸ்லிங் தேர்ந்தெடுத்த அடையாளம் இது. அடுத்து பதிப்பு எண்கள். ஜாவா 1.1க்கு 45, ஜாவா 8க்கு 52, ஜாவா 17க்கு 61, ஜாவா 21க்கு 65. அதன் பின்னால் மாறிலிக் கிடங்கு: பெயர்கள், எண்கள், சரங்கள் எல்லாம் வரிசை எண் போட்டு அடுக்கியிருக்கும். பிறகு புலங்கள், மெத்தட்கள், அவற்றோடு தொங்கும் துணைக்குறிப்புகள்.

இந்தக் கோப்பைப் படிக்கவும் மாற்றவும் ஏராளமான கருவிகள் உள்ளன. பைட்கோடைப் பிரித்துக் காட்டும் கருவி ஒரு வகை. பைட்கோடிலிருந்து மூலநிரலை மீட்டெடுக்க முயலும் டீகம்பைலர் இன்னொரு வகை: சிஎஃப்ஆர், புரோசியான், ஃபெர்ன்ஃபிளவர் போன்றவை. ஏஎஸ்எம், பிசெல், ஜாவாசிஸ்ட் ஆகியவை கிளாஸ் கோப்பைப் பிரித்து, திருத்தி, மறுபடி கட்ட உதவும் நூலகங்கள். நிரலை ஓட்டாமலேயே பிழை தேடும் ஸ்பாட்பக்ஸ் போன்றவையும் உண்டு. பெரிய நிறுவனங்களின் ஜாவா மென்பொருள் எதை எடுத்தாலும் அதன் பின்னணியில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாவது வேலை செய்துகொண்டிருக்கும்.

இப்படி ஒரு கருவியை எழுதத் தொடங்கும் ஒருவர் எதை வைத்துச் சோதிப்பார்? தானே பத்து இருபது ஜாவா நிரல்களை எழுதி, தன் கணினியில் இருக்கும் ஜாவாசியில் கம்பைல் செய்து கருவிக்குக் கொடுப்பார். எல்லாம் சரியாக வரும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே கொதி என்பதால்தான் அந்தக் கணக்கு செல்லும். கிளாஸ் கோப்புகளின் உலகம் அப்படியில்லை. அங்கே முப்பதாண்டு அரிசியும், பல ஊர் அரிசியும், வேண்டுமென்றே கல் கலந்த அரிசியும் ஒரே பானையில் கிடக்கின்றன. ஒரு பருக்கை வெந்திருப்பது பக்கத்துப் பருக்கையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

பழமையிலிருந்து தொடங்குவோம். ஜாவாவில் ஃபைனலி என்றொரு பகுதி உண்டு. முன்னால் உள்ள வேலை ஒழுங்காக முடிந்தாலும், பிழையில் முறிந்தாலும், பாதியில் வெளியேறினாலும், ஃபைனலியில் எழுதியது கட்டாயம் நடக்க வேண்டும். வெளியேறும் வழிகள் பல, செய்ய வேண்டிய காரியம் ஒன்று. தொடக்க கால ஜாவாசி அந்தக் காரியத்தை ஒரு முறை எழுதி வைத்து, ஒவ்வொரு வழியிலிருந்தும் 168ஆம் கட்டளையால் அங்கே குதித்து, முடிந்ததும் 169ஆம் கட்டளையால் வந்த இடத்துக்கே திரும்பியது. இடம் மிச்சம். ஆனால் பைட்கோடு பாதுகாப்பானதா என்று ஓட்டுவதற்கு முன் சரிபார்க்கும் பகுதிக்கு இது பெரிய தலைவலி. ஒரே இடத்துக்குப் பல திசையிலிருந்து, வெவ்வேறு நிலையில் வந்து போகிறார்கள். எந்த மாறியில் என்ன இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. பின்னாளில் வந்த ஜாவாசி இந்த உத்தியைக் கைவிட்டு, ஃபைனலியின் உடலை ஒவ்வொரு வழியிலும் நகலெடுத்து ஒட்டத் தொடங்கியது. பதிப்பு எண் 51, அதாவது ஜாவா 7 முதல் அந்த இரண்டு கட்டளைகளும் கிளாஸ் கோப்பில் இருக்கவே கூடாது என்று விதி வந்துவிட்டது.

ஆனால் 50க்கும் அதற்குக் கீழும் எண் கொண்ட கோப்புகளில் அவை இன்றும் செல்லும். ஜேவிஎம் அவற்றை இன்றும் ஓட்டியாக வேண்டும். அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ 1990களின் இறுதியிலோ 2000களின் தொடக்கத்திலோ வாங்கிய நூலகம் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதற்குள் 168 இருக்க நல்ல வாய்ப்புண்டு. இன்று கருவி எழுதுபவர் தன் புதிய ஜாவாசியில் எத்தனை ஆயிரம் நிரல்களைக் கம்பைல் செய்தாலும் இந்தக் கட்டளை ஒரு தடவைகூட வராது. பழைய கோப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது பழைய கம்பைலரைத் தேடிப் பிடித்து ஓட வைக்க வேண்டும். ஜாவா 9 வந்தபோதே அதன் கம்பைலர் 6க்கு முந்திய பதிப்புகளுக்கு எழுதிக்கொடுப்பதை நிறுத்திவிட்டது.

பதிப்பு எண் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். ஜாவா 6இல் ஸ்டேக்மேப்டேபிள் என்ற துணைக்குறிப்பு வந்தது. மெத்தட்டின் எந்தெந்த இடத்தில் அடுக்கிலும் மாறிகளிலும் எந்தெந்த வகை மதிப்பு இருக்கும் என்று கம்பைலரே எழுதிக் கொடுத்துவிடும் அட்டவணை அது. பைட்கோடைத் திருத்தும் கருவி இந்த அட்டவணையையும் திருத்தியாக வேண்டும். ஒரு கருவி அதைத் தப்பாக எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். 50ஆம் எண் கொண்ட கோப்பில் அந்தத் தவறு வெளியே தெரியாமலே போகலாம். அட்டவணை பொருந்தவில்லை என்றால் ஜேவிஎம் பழைய முறைக்குத் திரும்பி, தானே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளும். அதே தவறு 51ஆம் எண் கொண்ட கோப்பில் இருந்தால் கோப்பையே ஏற்க மறுத்துவிடும். ஆகவே 50ஐ மட்டும் வைத்துச் சோதித்தவருக்குக் கருவி முழு ஆரோக்கியத்தோடு இருப்பதாகவே படும்.

புதுமையும் இதே அளவு சிக்கல். 2018 முதல் ஆறு மாதத்துக்கு ஒரு ஜாவா பதிப்பு வருகிறது. ஒவ்வொரு முறையும் எண் ஒன்று கூடுகிறது. ஏஎஸ்எம் நூலகத்தின் பழைய பதிப்பு தனக்குத் தெரியாத எண்ணைக் கண்டதும் மறுத்துவிடும். ஜாவாவைப் புதுப்பித்த மறுநாள் இந்தப் பிழைச் செய்தியைப் பார்க்காத ஜாவா நிரலாளர் குறைவு. அது மறுப்பது சரியான நடத்தை என்றே சொல்வேன். தெரியாததைத் தெரிந்ததுபோல் படிப்பதைவிட நிறுத்திவிடுவது மேல். மொழியில் இன்னும் உறுதியாகாத முன்னோட்ட வசதிகளைப் பயன்படுத்திய கோப்புகளில் துணைப் பதிப்பு எண் 65535 என்றிருக்கும். அப்படி ஒரு கோப்பும் மாதிரிகளில் இருக்க வேண்டும்.

அடுத்தது, ஒரே மூலநிரலை வெவ்வேறு கம்பைலர்கள் வெவ்வேறு விதமாக எழுதுவது. பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் கட்டளையில் ஜாவா 7 முதல் எண்களுக்குப் பதில் சரங்களையும் கொடுக்கலாம். ஆனால் ஜேவிஎம்முக்குச் சரத்தை வைத்து ஸ்விட்ச் செய்யத் தெரியாது, எண்தான் தெரியும். ஆகவே ஜாவாசி சரத்தின் ஹேஷ் எண்ணைக் கணக்கிட்டு அதை வைத்து முதல் ஸ்விட்ச் போடுகிறது. இரண்டு வெவ்வேறு சரங்களுக்கு ஒரே ஹேஷ் வரலாம். ஆங்கிலத்தில் பெரிய ஏ-யையும் சின்ன ஏ-யையும் சேர்த்து எழுதினால் ஹேஷ் 2112. பெரிய பி-யை இரு முறை எழுதினாலும் அதே 2112. அதனால் உள்ளே சரத்தை நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு தற்காலிக எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணை வைத்து இரண்டாவது ஸ்விட்ச் போடுகிறது. எக்லிப்ஸ் என்ற வேறொரு ஜாவா கம்பைலர் இரண்டாவது ஸ்விட்ச் இல்லாமல், ஒப்பிட்ட கையோடு உரிய இடத்துக்கே குதித்துவிடுகிறது. ஜாவாசியின் பாணியை மட்டும் பார்த்துப் பழகிய டீகம்பைலர், எக்லிப்ஸ் எழுதிய கோப்பில் மூலநிரலின் ஸ்விட்சை அடையாளம் காணாமல் குழம்பக்கூடும். ஒரே ஹேஷ் கொண்ட இரண்டு சரங்களை யாரும் இயல்பாக ஒரே ஸ்விட்சில் எழுதுவதில்லை. தெரிந்தேதான் எழுதி மாதிரியில் வைக்க வேண்டும்.

கிளாஸ் கோப்பு ஜாவாவுக்கு மட்டும் சொந்தமில்லை. ஸ்காலா, குரூவி, குளோஜர், காட்லின் போன்ற மொழிகளின் கம்பைலர்களும் அதே வடிவில்தான் எழுதுகின்றன. ஜாவா மொழி அனுமதிக்காத பலவற்றை ஜேவிஎம் அனுமதிக்கிறது. மெத்தட்டின் பெயரில் இடைவெளி வரலாம். காட்லினில் சோதனை எழுதுபவர்கள் முழு வாக்கியத்தையே மெத்தட்டின் பெயராக வைப்பது சாதாரணம். பெயரும் வாங்கும் மதிப்புகளும் ஒன்றாகவே இருந்து, திருப்பித் தரும் வகை மட்டும் மாறுபட்ட இரண்டு மெத்தட்கள் ஒரே வகுப்பில் இருக்கலாம். ஜாவாசி இதை மறுக்கும், ஜேவிஎம் மறுக்காது. பெயர்களைக் குலைத்து நிரலை மறைக்கும் கருவிகள் இந்த வேறுபாட்டை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன.

நம் மொழியோடு நேரடித் தொடர்புள்ள ஒரு மாதிரியும் உண்டு. ஜாவாவில் மாறிகளுக்கும் மெத்தட்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஒரு புலத்துக்குத் 'தொகை' என்று பெயர் வைத்தால் மாறிலிக் கிடங்கில் அந்தப் பெயர் 12 பைட்டுகளில் உட்காரும்: த, ஒகரக் குறி, க, ஐகாரக் குறி என்று நான்கு யூனிகோடு குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று கணக்கு வைத்திருக்கும் கருவி இங்கேயே சரிந்துவிடும். இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். பிரித்தால் அதே சொல் 15 பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஜாவா இவற்றை இரண்டு வெவ்வேறு பெயர்களாகவே எடுத்துக்கொள்ளும். ஒரே வகுப்பில் இரண்டு 'தொகை' அருகருகே இருக்கலாம்! வகுப்பின் பெயரிலேயே இப்படி ஓர் எழுத்து இருந்தால் சிக்கல் கோப்பின் பெயர் வரை நீளும். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும் வழக்கம் கொண்டது. வட்டில் கோப்பின் பெயர் ஒரு வடிவம், உள்ளே வகுப்பின் பெயர் வேறு வடிவம் என்றாகிவிடும். இதை ஆங்கிலம் மட்டும் புழங்கும் நிரலாளர் யோசிப்பது அரிது. தமிழ் நிரலாளர் ஒருவருக்கு ஐந்து நிமிட வேலை.

இனி எல்லைகள். இங்கேதான் கருவிகள் அதிகம் சறுக்குகின்றன என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஒரு மெத்தட்டின் பைட்கோடு 65535 பைட்டுகளுக்கு மேல் போகக் கூடாது. ஆனால் சாதாரணக் குதிப்புக் கட்டளை முன்னால் 32767, பின்னால் 32768 பைட்டுகள் தூரம்தான் போகும். இவ்விரண்டு எண்களுக்கும் நடுவில் ஓர் ஆபத்தான நிலம் இருக்கிறது. மெத்தட் சட்டப்படி செல்லும், ஆனால் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாதாரணக் குதிப்பு எட்டாது. நீளக் குதிப்புக் கட்டளை தனியாக உண்டு. ஆனால் நிபந்தனையோடு குதிக்கும் கட்டளைகளுக்கு நீள வடிவம் கிடையாது. நிபந்தனையைத் தலைகீழாக்கி, நீளக் குதிப்பைத் தாண்டிப் போகும்படி எழுத வேண்டும். எட்டும் தூரத்தில் இருந்த ஒரு மெத்தட்டில் கருவி சில வரிகளைச் செருகியதும் அது எட்டாத தூரமாகிவிடலாம். 32 ஆயிரம் பைட்டுக்கும் மேற்பட்ட மெத்தட் ஒன்று மாதிரியில் இல்லையென்றால் இந்தப் பிழை வாடிக்கையாளர் வீட்டில்தான் வெளிப்படும்.

170, 171 என்ற இரண்டு ஸ்விட்ச் கட்டளைகள் இன்னும் நுட்பமானவை. அவற்றின் பின்னால் வரும் எண்கள், மெத்தட்டின் தொடக்கத்திலிருந்து நான்கால் மீதமின்றி வகுபடும் இடத்தில் தொடங்க வேண்டும். அதற்காகக் கட்டளைக்கும் எண்களுக்கும் நடுவே வெற்றுப் பைட்டுகளை வைத்து நிரப்புவார்கள். கட்டளை விழும் இடத்தைப் பொறுத்து நிரப்பு பைட்டுகள் பூச்சியமாகவோ ஒன்றாகவோ இரண்டாகவோ மூன்றாகவோ இருக்கும். அதாவது ஒரே ஸ்விட்சின் நீளம் அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். முன்னால் எங்கேயோ ஒரு பைட் செருகினால் இங்கே நிரப்பு மாறும். நிரப்பு மாறினால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் நகரும். நகர்ந்தால் குதிப்புத் தூரங்கள் மாறும். ஆகவே ஸ்விட்சுக்கு ஒரு மாதிரி போதாது. நான்கு நிலைக்கும் நான்கு மாதிரி வேண்டும்.

மாறிகளின் வரிசை எண் 255ஐத் தாண்டினால் கட்டளைக்கு முன்னால் 196 என்ற அகலக் கட்டளை சேர வேண்டும். எனவே 255லும் 256லும் ஒவ்வொரு மாதிரி. நீள முழு எண்ணும் இரட்டைத் துல்லிய எண்ணும் மாறிலிக் கிடங்கில் இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது இடம் யாருக்கும் பயன்படாமல் வெற்றாகக் கிடக்கும். இது நல்ல தேர்வில்லை என்று ஜேவிஎம் விதிநூலே பிற்காலத்தில் ஒத்துக்கொண்டது. ஆனாலும் விதி விதிதான். கிடங்கைப் படிக்கும்போது அந்த வெற்றிடத்தைத் தாண்ட மறந்த கருவி அதற்குப் பின் உள்ள எல்லாப் பெயர்களையும் ஒன்று தள்ளிப் படிக்கும்.

இவ்வளவையும் கையால் எழுத முடியாது, தற்செயலாகக் கிடைக்கவும் கிடைக்காது. அங்கேதான் மாதிரிகளின் திரட்டுகள் கைகொடுக்கின்றன. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் உருவான குவாலிட்டாஸ் திரட்டு 2010இல் ஆய்வுலகுக்கு முறையாக அறிமுகமானது. திறந்த மூல ஜாவா மென்பொருள்களைப் பதிப்பு வாரியாக, மூலநிரலும் கம்பைல் செய்த கோப்பும் சேர்த்துப் பாதுகாத்த தொகுப்பு அது. அதற்கு முன்பே 2006இல் டாகாப்போ என்ற தொகுப்பு வந்தது; ஓட்டிப் பார்த்து வேகத்தை அளப்பதற்கென்றே திரட்டப்பட்டது. மேவன் சென்ட்ரல் என்ற பொதுக் களஞ்சியத்தில் உலகின் திறந்த மூல ஜார்கள் குவிந்திருக்கின்றன. இவை எதுவும் கிடைக்காவிட்டாலும் ஜாவாவோடு வரும் அதன் சொந்த வகுப்புகளே பல்லாயிரம் இருக்கும். எந்தக் கருவிக்கும் அதுதான் முதல் தேர்வுக்களம்.

எண்ணிக்கை வேறு, வகை வேறு. மேவனிலிருந்து லட்சம் வகுப்புகளை இறக்கினால், பெரும்பகுதி ஒரே கம்பைலர் எழுதிய, மதிப்பை எடுத்துக் கொடுக்கிற, மதிப்பை வைக்கிற குட்டி மெத்தட்களாகவே இருக்கும். லட்சத்தில் ஒருமுறைகூட 168ஆம் கட்டளை வராமல் போகலாம். எனவே திரட்டுபவர் கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வேண்டும்: விதிநூலில் உள்ள இருநூற்றுச் சொச்சம் கட்டளைகள், ஒவ்வொரு துணைக்குறிப்பு, ஒவ்வொரு பதிப்பு எண், ஒவ்வொரு எல்லை. திரட்டில் எது இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்பதைத் தேடுவதுதான் வேலை. இல்லாததைக் கண்டுபிடித்த பிறகு ஜாஸ்மின், கிராகட்டாவ் போன்ற அசெம்பிளர்களைக் கொண்டு பைட்கோடை நேரடியாகக் கையால் எழுதலாம். சுழற்சியின் நடுவில் வெளியிலிருந்து குதிப்பது போன்ற, ஜாவா மூலநிரலில் எழுதவே முடியாதவற்றை அப்படித்தான் செய்ய வேண்டும். தவறான கோப்புகளும் வேண்டும். ஏற்கக் கூடாததை ஏற்றுக்கொள்ளும் கருவியும் பழுதான கருவிதான்.

எந்திரத்தையே மாதிரி எழுத விடுவது இன்னொரு வழி. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான சிஸ்மித் என்ற நிரல் சி மொழியில் தற்போக்கான நிரல்களை எழுதித் தள்ளும். அவற்றைப் பல கம்பைலர்களுக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிட்டார்கள். 2011இல் வெளியான அவர்களது ஆய்வுக் கட்டுரை, மூன்றாண்டுகளில் 325க்கும் மேற்பட்ட பிழைகளைக் கம்பைலர் எழுதியவர்களுக்குத் தெரிவித்ததாகச் சொல்கிறது. ஜாவா உலகில் 2016இல் கிளாஸ்ஃபஸ் வந்தது. கிளாஸ் கோப்புகளைச் சிறிது சிறிதாகத் திரித்து, வெவ்வேறு ஜேவிஎம்களுக்குக் கொடுத்து, ஒன்று ஏற்று மற்றொன்று மறுக்கும் கோப்புகளைத் தேடிப் பிடித்தது.

மாதிரி இருந்தால் மட்டும் போதுமா? கருவி தந்த விடை சரிதானா என்று யார் சொல்வது? படித்துத் திரும்ப எழுதும் நூலகத்துக்கு வழி எளிது: எதையும் மாற்றாமல் எழுதச் சொல்லி, வந்த கோப்பை மூலக்கோப்போடு ஒப்பிடலாம். டீகம்பைலருக்கு அப்படி முடியாது. மீட்டெடுத்த மூலநிரல் அழகாக இருக்கிறது என்பது சான்றாகாது. அதை மறுபடி கம்பைல் செய்து, அந்த மென்பொருளின் சொந்தச் சோதனைகளை அதன்மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்வீடனின் கேடிஎச் நிறுவன ஆய்வாளர்கள் 2019இல் இதைத்தான் செய்தார்கள். திறந்த மூல மென்பொருள்கள் 14இலிருந்து 2041 வகுப்புகளை எடுத்து, எட்டு டீகம்பைலர்களுக்குக் கொடுத்தார்கள். முதலிடம் பெற்ற டீகம்பைலரே 84 சதவீத வகுப்புகளுக்குத்தான் இலக்கணப்படி சரியான நிரலைத் தந்தது. மூலத்தோடு நடத்தையில் ஒத்துப்போனது 78 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள 6 சதவீதம் என்னை உறுத்துகிறது. அவை கம்பைல் ஆகின்றன, ஆனால் மூலத்தைப் போல நடந்துகொள்ளவில்லை. அந்த நிரலைப் படித்து முடிவெடுக்கும் பாதுகாப்பு ஆய்வாளர் தவறான முடிவைத்தான் எடுப்பார்.

பிழையைக் காட்டிக்கொடுத்த கோப்பை அப்படியே திரட்டில் போடுவதும் நல்ல பழக்கமல்ல. 3000 வரி வகுப்பில் எந்த நான்கு கட்டளைகளால் பிழை வந்தது என்று யாருக்கும் தெரியாது. பாதியை வெட்டிப் பார்ப்பது, பிழை இன்னும் இருக்கிறதா என்று சோதிப்பது, மறுபடி வெட்டுவது என்று படிப்படியாகச் சுருக்கும் முறையை ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் செல்லர் முறைப்படுத்தினார். சுருக்கிய பிறகு கையில் நிற்கும் பத்து வரிதான் மதிப்புள்ள மாதிரி. அதோடு எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, என்னென்ன விருப்பங்களோடு கம்பைல் செய்தது என்ற குறிப்பும் இருக்க வேண்டும். ஜாவாசி இயல்பாக வரி எண்களை எழுதும், உள்மாறிகளின் பெயர்களை எழுதாது. அவையும் வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டாலேயே டீகம்பைலரின் விடை தலைகீழாக மாறும். குறிப்பில்லாத மாதிரி பாதி மாதிரிதான்.

பைத்தான் உலகில் இந்தத் தேவை இன்னும் கடுமை. ஜாவா தன் பழைய கட்டளைகளைக் காப்பாற்றுவதுபோல் பைத்தான் காப்பாற்றுவதில்லை. பைட்கோடு ஒவ்வொரு பதிப்பிலும் மாறக்கூடியது. 3.6 பதிப்பில் எல்லாக் கட்டளைகளும் இரண்டு பைட் அளவுக்கு வந்தன; 3.11இல் விதிவிலக்குகளைக் கையாளும் முறை அட்டவணைக்கு மாறியது. கோப்பின் தலைப்பில் உள்ள அடையாள எண்ணும் கூடவே மாறும். அந்த எண்ணின் கடைசியில் எப்போதும் 13, 10 என்ற இரண்டு பைட்டுகள் இருக்கும். கோப்பை யாராவது எழுத்துக்கோப்பு என்று எண்ணி நகலெடுத்துக் கெடுத்துவிட்டால் உடனே தெரிவதற்கான ஏற்பாடு. பைத்தான் கருவி எழுதுபவர் ஒரே மூலநிரலைப் பதிப்புக்கு ஒன்றாகக் கம்பைல் செய்து வைத்தாக வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் நிரல் எழுதுபவர்கள் இருப்பீர்கள். ஒரு வேண்டுகோள். 1990களின் இறுதியிலோ 2000களின் தொடக்கத்திலோ நீங்கள் எழுதிய ஜாவா நிரல்கள் பழைய குறுந்தட்டிலோ வட்டிலோ கிடந்தால், கிளாஸ் கோப்புகளை வீசிவிடாதீர்கள். அன்றைய கம்பைலரின் கைவரிசையை இன்று வேறெங்கும் பெறுவது கடினம். நிறுவனத்துக்காக எழுதியதைத் தொடாதீர்கள். அது உங்கள் உடைமையல்ல. சொந்தமாக எழுதியதை மூலநிரலோடும் கம்பைலர் குறிப்போடும், யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடும், ஏதாவது ஒரு திறந்த மூலக் கருவியின் சோதனைத் தொகுப்புக்கு அனுப்புங்கள். கூடவே தமிழ்ப் பெயர்கள் கொண்ட ஒரு சிறு வகுப்பையும் கம்பைல் செய்து சேர்த்து அனுப்புங்கள். கருவி தடுமாறினால் அதை எழுதியவருக்குத் தெரியப்படுத்துங்கள். பிழை திருத்தப்பட்ட பின் அந்தக் கோப்பு, பின்னால் வரும் ஒவ்வொரு பதிப்பையும் சோதிக்க அங்கேயே இருக்கும்.